பன்னிரண்டு கூடை ரொட்டி

பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், நடையைப் பார்ப்பார்கள், குடும்பத்தை விசாரிப்பார்கள். பசிலியாம்மா என் தம்பி மகள் நினெத்தின் கையைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்துகொண்டு, சாமியார் பிரசங்கத்தை முடிக்கிற வரைக்கும் அந்தப் பெண்ணின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள். நினெத் கம்பளிக் கடையில் வேலை செய்கிறவள். மூட்டை தூக்கித் தூக்கி அவள் கை உரலுக்குப் பக்கத்தில் வைக்கிற உலக்கை மாதிரி இருக்கும். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனால் பூசை நடுவில் என்ன பேசுவது? சிலுவை போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

நான் சோயிலா. சான் லாசரோ கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறேன். இந்த ஊரில் யார் எந்தப் புனிதருக்கு எதற்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பாதிப் பேர் என்னிடம் மரியாதையாகப் பேசுவார்கள், மீதிப் பேர் பேசவே மாட்டார்கள். என் தம்பி ஃபெர்மின் ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் பெரிய டிரம் அடிக்கிறவன். சாவு, சப்பரம், திருவிழா என்று எப்போதாவதுதான் வேலை. மற்ற நாளெல்லாம் அந்த டிரம்முக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைக் காவல் காப்பான். அவன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஒரே பெண் நினெத். அவளுக்கு அம்மாவும் நான்தான், அத்தையும் நான்தான்.

பசிலியாம்மாவுக்கு ஊரிலேயே ஒரே ரொட்டிக்கடை. மாமனார் கட்டிய விறகடுப்பு, மாமியார் விட்டுப்போன மாவுத்தொட்டி, கூடவே மாமியாரின் வாயும். அவள் ரொட்டி நன்றாக இருக்கும், அதில் பொய் சொல்லக்கூடாது. வெல்லமும் சோம்பும் போட்டு, நல்ல மஞ்சள் கருவாக ஊற்றிச் சுடுவாள். ஒவ்வொரு ரொட்டியின் உச்சியிலும் ஒரு சேவல் முத்திரை குத்தியிருப்பாள். தன் ரொட்டியை எவனாவது வேறு கடை ரொட்டி என்று சொல்லிவிடுவானோ என்று அவளுக்குப் பயம். வேறு கடையே இல்லாத ஊரில் இந்தப் பயம் எதற்கு என்று கேட்டால், பெருமைக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் தன் மகன் எல்மருக்குப் பெண் கேட்டு வந்தது தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம். எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வரும்போது ரொட்டியும் சாக்லேட்டும் கொண்டுவர வேண்டும். ஒரு கூடை கொண்டுவந்தால் ஏழை, இரண்டு கொண்டுவந்தால் மரியாதைப்பட்டவர், நாலு கொண்டுவந்தால் ஊர் பேசும். பசிலியாம்மா பன்னிரண்டு கூடை கொண்டுவந்தாள். ஒவ்வொரு கூடையும் ஒரு ஆள் தலையில், ஒவ்வொன்றின் மேலும் பூ வேலை செய்த துணி. முன்னால் எல்மர் புதுச் சட்டையில், யாரோ துணிக்கடை பொம்மையைத் தூக்கிவந்து வாசலில் நிறுத்தியது போல நின்றான்.

வந்த ரொட்டியைச் சொந்தக்காரர்களுக்குப் பங்கு போட வேண்டும். வாங்கித் தின்றவன் எல்லாம் சாட்சி. கை நனைத்தாயிற்று என்றால் சம்மதம் என்றுதான் கணக்கு. பன்னிரண்டு கூடைக்குச் சொந்தக்காரர்களை எங்கே தேடுவது என்று நான் கவலைப்பட்டேன். கவலையே படவேண்டியிருக்கவில்லை. என் கல்யாணத்துக்குக்கூட வராத மாமன் மகன் தெயோதோரோ, பத்து நிமிஷத்தில் காலிக் கூடையோடு வந்து நின்றான். ஃபெர்மினுக்கு ஞானத்தாய் முறை ஆகிற அம்பாரோக் கிழவி, முட்டிவலி என்று பூசைக்கே வராதவள், ஓடியே வந்தாள். பங்கு போட்டது நான். யாருக்கு எத்தனை கொடுத்தேன் என்று எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். எல்லாரும் தின்றார்கள், எல்லாரும் வாழ்த்தினார்கள். நினெத் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்து எல்லாருக்கும் சாக்லேட் ஊற்றினாள்.

அடுத்த வாரம் மருமகள் கடையைப் பார்க்கட்டும் என்று சொல்லி பசிலியாம்மா ஆள் அனுப்பினாள். தனியாக அனுப்பக்கூடாது என்று நானும் கூடப் போனேன். நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, கல்யாணப் பேச்சு பேசுவார்கள் என்று நல்ல ரவிக்கையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் பசிலியாம்மா நினெத்தின் இடுப்பில் ஒரு ஏப்ரனைக் கட்டினாள்.

"சும்மாதான்மா. கை எப்படிப் போகுதுன்னு பாக்கலாம்" என்றாள்.

சும்மா என்றால் ஒரு தொட்டி மாவு. மரத்தொட்டி, ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம். அடுப்பில் பைன் விறகு எரிகிற புகை ஒரு பக்கம், வெல்லப்பாகு கொதிக்கிற ஆவி ஒரு பக்கம். நினெத் பிசைந்தாள். பசிலியாம்மா பக்கத்தில் நின்று, இன்னும் ஆழமாக, இன்னும் அடியிலிருந்து என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மதியமானது. எனக்கு ஒரு காப்பி வந்தது. நினெத்துக்கு இன்னொரு மூட்டை மாவு வந்தது.

எல்மர் எங்கே என்று கேட்கிறீர்களா? மாவு மூட்டைகளுக்கு அப்பால், ஜன்னலோரமாக உட்கார்ந்து போனில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கில் கைக்குட்டை. என்ன உடம்புக்கு என்று கேட்டேன். பசிலியாம்மா முகத்தில் என்ன பெருமை! என் பிள்ளைக்கு மாவு ஒத்துக்கொள்ளாது, பிறந்ததிலிருந்தே அப்படி, கிட்டே வந்தாலே தும்மல், தோல் அவ்வளவு மென்மை என்று, சந்தனக்கட்டையைப் பெற்றவள் போலச் சொன்னாள். இதுவரைக்கும் பிசைந்துகொண்டிருந்த ஆள் எங்கே என்று கேட்டேன். பேச்சை மாற்றினாள். அவன் வடக்கே, எல்லை தாண்டிப் போய்விட்டான் என்று வழியில் தபால்காரன் சொல்லித்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வருகிற வழியில் நினெத் கையை உதறிக்கொண்டே நடந்தாள். பாலத்தில் நின்றாள்.

"அத்தை, அவங்களுக்கு மருமக வேண்டாம். மாவு பிசையற மெஷின் வேணும். மெஷின்னா காசு குடுக்கணும், கரண்டு குடுக்கணும். எனக்கு ரெண்டும் வேண்டாம் பாருங்க. நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்."

சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? நான் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள்.

ஃபெர்மினிடம் சொன்னதும் அவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். அவன் எழுந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி பெண் வீட்டார் மாட்டேன் என்று சொல்லலாம், தடையில்லை. ஆனால் வந்த ரொட்டி திரும்பிப் போக வேண்டும். அதே ரொட்டி, அதே கணக்கு. ஈஸ்டர் ஞாயிறு பூசையில் சாமியார் இன்னாருக்கு இன்னார் என்று முதல் கல்யாண ஓலை வாசித்து அறிவிப்பதற்குள் போக வேண்டும். ஓலை வாசித்துவிட்டால் அப்புறம் பெண்தான் போக வேண்டும். நாலு கூடைக்கு மேல் யாரும் கொண்டுவராத ஊரில் பசிலியாம்மா எதற்குப் பன்னிரண்டு கூடை தூக்கிவந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பூட்டு.

"உப்பு தின்னவன் தண்ணி குடிச்சாகணும்க்கா" என்றான் ஃபெர்மின். "சாப்பிட்ட வாய் கட்டுப்பட்ட வாய். என் வீட்டுல பேச்சு மாற மாட்டோம்."

அந்த இரண்டாவது வாக்கியம் அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றையிலிருந்து தவக்காலம் முழுவதும் அதையே சொன்னான். நினெத் தட்டு கழுவினால் சொன்னான், தலை வாரினால் சொன்னான். கடைத்தெருவில் சொன்னான், முடிவெட்டுகிற கடையில் சொன்னான், பேண்டு ஒத்திகையில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு அடி டிரம்மில் போட்டுச் சொன்னான். ஊரே அதைப் பாடம் பண்ணிவிட்டது. பெற்ற பெண் அழுகிறாளே என்று ஒரு நாள் கேட்கவில்லை. எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும். தம்பியாகப் போய்விட்டான்.

சொந்தக்காரர்களைக் கூட்டினேன். தின்ற ரொட்டியை ஆளுக்குக் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அட, அன்றைக்கு ரொட்டி தின்றவர்களே ஊரில் இல்லை! தெயோதோரோவுக்குச் சர்க்கரை வியாதியாம், ரொட்டியைத் தொடுவதே இல்லையாம், தன் பங்கைக் கோழிக்குப் போட்டுவிட்டானாம். அம்பாரோக் கிழவி நாக்கில் வைத்துப் பார்த்ததோடு சரியாம். இன்னொருத்தி தான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றாள். அவளுக்கு நான் என் கையால் ஒரு மடி ரொட்டி கொடுத்திருக்கிறேன். ரொட்டி தின்னாத இத்தனை பேரும் ஆளுக்கொரு புத்திமதி மட்டும் சொன்னார்கள். போகப் போகப் பழகிவிடும், ரொட்டிக்கடையில் வாழ்க்கைப்பட்டால் பசி தெரியாது, தும்முகிற புருஷன் அடிக்க மாட்டான். நினெத் சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, போகட்டும், விலைக்கே வாங்கித் திருப்பிவிடுவோம் என்று என் மெழுகுவர்த்திச் சேமிப்பை முடிந்துகொண்டு ரொட்டிக்கடைக்குப் போனேன். பன்னிரண்டு கூடை ரொட்டி வேண்டும் என்றேன். பசிலியாம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன வார்த்தை சொல்றீங்க சம்பந்தி! சொந்த சம்பந்திக்கு யாராவது ரொட்டிய விலைக்கு விப்பாங்களா? ஊர் காறித் துப்பாது? இந்தாங்க, சும்மா எடுத்துக்கங்க" என்று சூடாக ஒரு தட்டு ரொட்டியை என் பக்கம் நீட்டினாள்.

நெருப்பைத் தொடப் போனவள் போலக் கையை இழுத்துக்கொண்டேன். சும்மா வாங்கினால் பதின்மூன்றாவது கூடை ஆகிவிடும். பாசத்தோடு ஒரு ஆளை இப்படிக் கழுத்தைப் பிடிக்க முடியும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏறிப் போய் அங்கேயிருந்து ஒரு கூடை ரொட்டி கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். பசிலியாம்மா ஒன்றை எடுத்தாள், பிட்டாள், மோந்தாள், தலைகீழாகத் திருப்பினாள். அப்புறம் கடைக்கு வந்திருந்தவர்களுக்கெல்லாம் காட்டி, சேவல் எங்கே என்று கேட்டாள். நான் என்ன குத்தி வைக்கவா முடியும்? அதே ரொட்டி என்றால் அதே ரொட்டி. பேருந்துக் கூலி போனதுதான் மிச்சம்.

நாள் ஓடியது. குருத்து ஞாயிறு வந்தது. கல்யாண உடுப்புக்கு அளவெடுக்கத் தையல்காரியை பசிலியாம்மாவே அனுப்பினாள். கை மட்டும் கொஞ்சம் குட்டையாக இருக்கட்டும், வேலைக்குத் தோதாக இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தாளாம். நினெத் அளவு கொடுக்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம். புதன்கிழமையிலிருந்து வீட்டுக்கு வீடு ரொட்டியும் தேனும் கொடுத்துக்கொள்வோம். அவரவர் மாவும் முட்டையும் ரொட்டிக்கடையில் கொண்டுபோய்க் கொடுப்போம், கடைக்காரி சுட்டுத் தருவாள். அந்த வாரத்தில் யார் ரொட்டி கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஜென்மப் பகையாளி கொண்டுவந்தாலும் வாங்கி வைக்க வேண்டும். வேண்டாம் என்றால் ஆண்டவரையே வாசலிலிருந்து திருப்பி அனுப்பியது போல.

திங்கட்கிழமை மெழுகுவர்த்தி அடுக்கிக்கொண்டிருந்தபோது இது எனக்கு மண்டையில் பளிச்சென்றது. ஐயோ, இத்தனை நாள் ரொட்டிக்காக மலையேறி இறங்கினேனே என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். அன்று மதியமே கடையை மூடிவிட்டு தெயோதோரோ வீட்டுக்குப் போனேன்.

"பெரிய வாரத்துக்கு எவ்வளவு மாவு குடுக்கப் போற?" என்று கேட்டேன். வழக்கம்போல் கொஞ்சம் என்றான். "இந்தத் தடவ கூட ஒரு கூடைக்குக் குடு. சுட்டு வந்ததும் என் வீட்டுக்குப் பெரிய வார ரொட்டியா கொண்டு வந்து குடுத்துடு. இல்லேன்னா உனக்குச் சர்க்கரைன்னு சொன்னேல்ல, அந்தச் சர்க்கரையோட எத்தன ரொட்டி தின்னேன்னு கோயில் வாசல்ல நின்னு சொல்வேன். உன் கோழிக்கும் சேத்துச் சொல்வேன்."

அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து, தருகிறோம் என்று கத்தினாள். அடுத்து அம்பாரோக் கிழவி. அவளுக்கு நாக்கில் வைத்துப் பார்த்த கணக்கை ஞாபகப்படுத்தினேன். ஊரிலேயே இல்லாதவளுக்கு அவள் மடியை ஞாபகப்படுத்தினேன். செவ்வாய்க்கிழமைக்குள் எல்லா வீடும் முடிந்தது. மெழுகுவர்த்தி வாங்க வருகிறவர்களின் பாவமெல்லாம் தெரிந்து வைத்திருப்பது எப்போதாவதுதான் உபயோகப்படும்.

பசிலியாம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வருஷம் போல மாவு அவள் கடைக்கு வந்ததே இல்லை. வாசலில் வரிசை. ஆளில்லை, அவளேதான் பிசைந்தாள். மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு பிசைந்தாள். எல்மர் காசு வாங்கிப் போட்டுக்கொண்டு தும்மினான். நான் தெயோதோரோவின் ரொட்டி தயாரா என்று பார்க்கிற சாக்கில் போனேன். ஈஸ்டர் முடிந்தால் எனக்கு விடிவுகாலம் சம்பந்தி, அந்தப் பெண் வந்து கைவைத்தால் நான் காலை நீட்டுவேன் என்று பசிலியாம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். ஒவ்வொரு ரொட்டியிலும் அழுத்தமாகச் சேவலைக் குத்தினாள். பாவமாகக்கூட இருந்தது. ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்று சொல்வார்கள், நான் நின்று அந்த அப்பம் வேகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வியாழன் காலையில் தெருவெங்கும் மரத்தூளில் சாயம் கலந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் சப்பரம் அதன் மேல்தான் போகும். ஊரே முட்டி போட்டுத் தெருவில் இருந்தது. பார்க்க ஆள் இல்லை என்ற குறையே இல்லை. நினெத் முன்னால் நடந்தாள், பின்னால் பன்னிரண்டு கூடை. ஒரு கூடை தெயோதோரோவின் தலையில் இருந்தது, அது எனக்குத் தனிச் சந்தோஷம். கோலத்தை மிதிக்காமல் சுவரோரமாகப் போய் ரொட்டிக்கடை வாசலில் வரிசையாக இறக்கினோம்.

பசிலியாம்மா கூடையை எண்ணினாள். ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டாள், மோந்தாள், பிட்டதைச் சேர்த்து வைத்துச் சேவலைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இது என் ரொட்டி" என்றாள்.

"ஆமாம் பசிலியாம்மா, உங்க ரொட்டியேதான். அதே ரொட்டி, அதே கணக்கு. பெரிய வாரமாச்சே, வாங்கிக்கங்க" என்றேன்.

தெரு முழுவதும் கை நிறைய மரத்தூளோடு அப்படியே நின்று பார்த்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. மணிக்கட்டுத் துணியோடு அந்தப் பன்னிரண்டு கூடையையும் அவளே உள்ளே இழுத்து வைத்தாள். நினெத் அன்று மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஆனால் மாமியாரின் வாயும் மாவுத்தொட்டியும் சேர்ந்து சீதனமாகக் கிடைத்த பசிலியாம்மாவை லேசாக நினைக்கக் கூடாது. பெரிய வாரத்தில் வாங்கியவன் பதிலுக்குக் கொடுக்கவும் வேண்டும். வெள்ளி கழிந்து சனிக்கிழமை எல்மர் ஒரு சின்னக் கூடையோடு வாசலில் நின்றான். ரொட்டியும் ஒரு புட்டித் தேனும். அம்மா அனுப்பினாள் என்றான். நாங்கள் மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வாங்கினோம். ஆனால் வாங்குவது வேறு, தின்பது வேறு. பெண் கேட்ட வீட்டு ரொட்டியை மறுபடி தின்றால் மறுபடி சம்மதம் என்று ஆகிவிடும். நினெத் அதை மேஜையில் வைத்துத் துணியால் மூடி, யாரும் தொடக் கூடாது, நாளைக்குக் கோயிலில் பிச்சைக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். எல்மர் திண்டாட்டமாக நின்றான். போகச் சொன்னாலும் போகவில்லை. கூடையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாளாம். சரி, உட்கார் என்று சொல்லிவிட்டு, கூடைத் துணியை மாற்றிப் போட நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம்.

அந்த நேரம் பார்த்து ஃபெர்மின் வந்தான். வெள்ளிக்கிழமை முழுக்கச் சப்பரத்துக்குப் பின்னால் டிரம் அடித்து, ஒருசந்தி விரதம் இருந்து, இரவெல்லாம் கோயிலில் கிடந்துவிட்டு வந்திருந்தான். மேஜையில் ரொட்டி, பக்கத்தில் தேன். நாங்கள் துணியோடு திரும்பி வந்தபோது அவன் மூன்றாவது ரொட்டியில் இருந்தான். எல்மர் எழுந்து, கூடையைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

ஈஸ்டர் பூசைக்கு மணி அடிக்கிற நேரம். என் மெழுகுவர்த்தி மேஜைக்கு முன்னால் பசிலியாம்மா வந்து நின்றாள். ஊரே புது உடுப்பில் படியேறிக்கொண்டிருந்தது.

"கை நனைச்சாச்சாமே சம்பந்தி? ஓலைய வாசிக்கச் சொல்லிட்டேன்" என்றாள். ஊருக்கே கேட்கிற மாதிரி.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஃபெர்மின் என் பின்னால் இருந்தான். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பழக்க தோஷம், வாயைத் திறந்தான்.

"சாப்பிட்ட வாய்..." என்று தொடங்கி அதிலேயே நின்றுவிட்டான்.

நினெத் அவன் தோளைப் பிடித்து மெதுவாக முன்னால் தள்ளினாள். பயமோ கோபமோ அவள் குரலில் இல்லை.

"சாப்பிட்ட வாய் கட்டுப்பட்ட வாய்னு எங்கப்பா தவக்காலம் பூராவும் சொல்லிட்டிருந்தாரு. ஊருக்கே தெரியும். நான் ஒரு துண்டு தொடல. சாப்பிட்ட வாய் இதோ நிக்குது பசிலியாம்மா, கூட்டிட்டுப் போங்க."

முதலில் சிரித்தது தெயோதோரோ. அப்புறம் படி முழுக்கச் சிரிப்பு. முடிவெட்டுகிறவன், ஆமாம், என் கடையில் வைத்துக்கூடச் சொன்னார் என்று சாட்சி சொன்னான். பேண்டுக்காரர்கள் மொத்தமாகச் சாட்சி சொன்னார்கள். ஃபெர்மின் மறுக்க எங்கே போவான்? தன் வாயாலேயே ஊருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன்.

பசிலியாம்மா சிரிக்கவில்லை. அவள் ஃபெர்மினின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை. பெரிய டிரம்மை மார்பில் கட்டிக்கொண்டு ஆயுசெல்லாம் நடந்த கை. அவள் யோசித்ததில் தப்பும் இல்லை. அவளுக்குக் கல்யாணமா முக்கியம்?

"விடிகாலைல எந்திரிப்பாரா?" என்று என்னிடம் கேட்டாள்.

"எழுப்பி விடுறேன்" என்றேன்.

அவள் உள்ளே போய்ச் சாமியாரிடம் ஓலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். எல்மர் என்னிடம் வந்து, ரொம்ப நன்றி அத்தை என்று காதோடு சொன்னான். அவனுக்கு நகரத்தில் போன் ரிப்பேர்க் கடைக்கு வேலைக்குப் போக ஆசையாம். யாரும் அவனையும் கேட்டதில்லையாம்.

இப்போது ஃபெர்மின் ரொட்டிக்கடையில்தான் இருக்கிறான். கட்டின ஏப்ரன் அவன் வயிற்றுக்குப் போதவில்லை, பசிலியாம்மாவே இரண்டு ஏப்ரனைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். ரொட்டி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், எனக்கு வாய்த்த மருமகள் மாதிரி யாருக்கும் வாய்க்காது என்று அவனைக் காட்டிச் சொல்கிறாள். இன்னும் ஆழமாக, இன்னும் அடியிலிருந்து என்று அவள் சொல்கிற குரல் தெருமுனை வரை கேட்கும்.

போன வாரம் வேலை முடிந்து வந்தவன் நாற்காலியில் உட்காராமல் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். இரண்டு கையையும் மேஜை மேல் வைத்தான். விரலெல்லாம் வீங்கி, புறங்கையில் அடுப்புச் சூடு பட்டு வரிவரியாகத் தடித்திருந்தது. நினெத் தைலப் புட்டியை எடுத்துவந்து தடவ ஆரம்பித்தாள். அவன் அவள் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கி நான் பார்த்தது அவன் பெண்டாட்டியை அடக்கம் செய்த அன்றைக்குத்தான், அப்புறம் இப்போது.

"இந்த அடுப்புக்கா உன்ன அனுப்பப் பாத்தேன்" என்றான். "பிடிக்கலன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா? அவங்க கூடைய எறக்குன அன்னிக்கே?"

நினெத் தைலத்தைத் தடவுவதை நிறுத்தவில்லை.

"சொன்னேம்ப்பா. சாக்லேட் ஊத்தும்போது ஒவ்வொருத்தர் கிட்டயும் நின்னு சொன்னேன். எல்லார் வாயிலயும் ரொட்டி இருந்துச்சு."